முப்பதுக்கு இருபத்து நான்கு

வந்த மூன்றாம் நாள் போரா என் சட்டையைக் கொண்டுபோனது.
போரா என்பது காற்று. திரியெஸ்தேயில் அதை
வாடகை தராத மேல்மாடிக்காரர் போலப் பேசுவார்கள்.
நான்காம் மாடிக் கொடியில் ஒற்றைக் கிளிப் போட்டிருந்தேன்.
"ஒன்றா? ஒன்றைப் பார்த்தால் அதற்குச் சிரிப்பு வரும்"
என்றாள் ஒந்தீனா, கைக்குட்டைக்கே மூன்று மாட்டுகிறவள்.

முதல் மாதம் காப்பி கேட்கக் கற்பதில் போயிற்று.
நேரோ என்றால் கறுப்பு. காப்போ என்றால் சொட்டுப் பால்.
காப்போ இன் பி, அதே காப்போ, கண்ணாடிக் குவளையில்.
ரோமில் போய் இதையே கேட்டேன்.
தூதரகத்துக்கு வழி சொல்லும் முகத்தோடு பார்த்தார் கடைக்காரர்.

வெள்ளி மதியம் வகுப்பு முடிந்தால் பேருந்து.
லுப்லியானா, ஸாக்ரெப், பிராட்டிஸ்லாவா.
வியன்னாவில் ஓர் அரண்மனையை வெளியிலிருந்தே பார்த்தேன்,
உள்ளே போகும் காசு ஆறு நாள் பாஸ்தா.
கிராட்ஸில் நினைவிருப்பது ஒரு சலவைக் கடை:
நனைந்த துணி எல்லாவற்றையும் எந்திரத்தில் போட்டுவிட்டு
த்வ்ர்த்கோவும் நானும் மழைக்கோட்டு மட்டும் அணிந்து
நாற்பது நிமிடம் மரியாதையாக உட்கார்ந்திருந்தோம்.
த்வ்ர்த்கோ துஸ்லாக்காரன். பெயரில் உயிர் ஒன்றுதான்,
கடைசியில். அவசரத்தில் அதையும் விழுங்கிவிடுவான்.

கோரீத்ஸியாவில் ஒரு சதுக்கம், தரையில் ஒரு கோடு.
இந்தப் பக்கம் இத்தாலி, அந்தப் பக்கம் ஸ்லோவேனியா.
ஆளுக்கொரு கால் அங்கும் இங்குமாக வைத்துப் படம் எடுத்தோம்.
எடுத்து முடிக்கும்வரை சைக்கிளோடு ஒருவர் நின்றார்,
பின்னால் முட்டைக்கோஸ் மூட்டை.
பிறகு கோட்டைத் தாண்டிப் போனார்.
வாங்கிக்கொண்டு போனாரா விற்கப் போனாரா தெரியாது.
"எங்கள் பக்கம் கோடு தரையில் இல்லை" என்றான் த்வ்ர்த்கோ.
எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜனவரியில் தேர்வு. நில அதிர்வியல், வாய்மொழி.
புடாபெஸ்ட் பேருந்தில் இரவைக் கழித்துவிட்டு
பல் துலக்கிய கையோடு போய் உட்கார்ந்தேன்.
பேராசிரியை ஸக்கின்யா கேட்டார்:
குறுக்கலை ஏன் நீர்மத்துக்குள் போவதில்லை?
போவதில்லை, என்றேன். ஏன், என்றார்.
சன்னலுக்கு வெளியே அவ்வளவு கடல், ஒரு வார்த்தை உதவவில்லை.
"இருபத்து நான்கு. ஏற்கிறீர்களா?"

மதிப்பெண் என்பது எனக்குப் பல்லி மாதிரி.
விழும். விழுந்த இடத்துக்குப் பலன் பார்க்கலாம்.
விழட்டுமா என்று பதினாறு வருடத்தில்
ஒரு பல்லியும் கேட்டதில்லை.
இங்கே வேண்டாம் எனலாம்; அடுத்த மாதம் மறுபடி வரலாம்.
வேண்டாம், என்றேன்.
எப்படி இருக்கிறதென்று சொல்லிப் பார்க்கத்தான் சொன்னேன்.

கடலுக்குள் நீண்ட கல்மேடையின் நுனிவரை நடந்தேன்.
காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது.
இருபத்து நான்கை வேண்டாம் என்றவள்!
ஒந்தீனா மாடிப்படியிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்:
"ஸக்கின்யாவிடமா?
அந்த அம்மாள் இருபத்து நான்கு போட்டே இரண்டு வருடமாகிறது."

பிறகு ஐந்து வாரம் எங்கும் போகவில்லை.
ப்ராக் பயணச்சீட்டு த்வ்ர்த்கோவுக்குப் போயிற்று.
சமையலறையில் பாஸ்தாப் பானையைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தேன்.
பாறையை முறுக்கினால் அது திரும்ப முறுக்கும்.
தண்ணீர் சரி சரி என்று விலகிக்கொள்ளும்.
மறுக்கத் தெரியாத இடத்தில்
அந்த அலை செத்துப்போகும்.
அவ்வளவுதான் விடை. அன்றைக்கு வந்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் அவர் அதைக் கேட்கவேயில்லை.
வேறு கேட்டார், வேறென்னவோ சொன்னேன்.
"இருபத்திரண்டு. ஏற்..."
ஏற்கிறேன், என்றேன்.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
சிரிப்பை மேசையில் குனிந்து எழுதி முடித்தார்.

விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டினார்.
ஆறு நாடு. இருந்ததோ வந்த அன்று விழுந்த ஒரே முத்திரை.
அதன் பக்கத்தில் இன்னொன்று குத்தினார், கேட்காமல்.

எதிர்வீட்டு ஆண்டெனாவில் அந்தச் சட்டையின் கை
நான் கிளம்பும்வரை ஆடிக்கொண்டிருந்தது.
நேற்று ஒந்தீனா எழுதியிருந்தாள்: இன்னும் இருக்கிறது,
நிறம்தான் போய்விட்டது.