விளக்குக் கணக்கு

காலை ஏழு மணிக்கெல்லாம்
சோலார் பலகைகளைத் தகரக் கூரையில் சாய்த்துவிட்டு
நோட்டைத் திறப்பேன்.
ம்ஃபங்கானோ தீவில் விளக்கு வாடகைக்கு விடுகிறவள் நான்.
இருபத்து மூன்று விளக்கு.
ஒரு ராத்திரிக்கு எண்பது ஷில்லிங்.
உடைந்தால் தனி.

வெயில் ஏறுகிறது.
வலைமேல் பரப்பிய ஒமேனா
மதியத்துக்குள் சருகாகிவிடும்.
அத்தனை பொடிமீனின் ஈரமும் எங்கே போயிற்றென்று
சந்தையில் யாரும் கேட்டதில்லை.
மணலுக்குப் பொறுமை கிடையாது,
வாங்கிய சூட்டை அப்போதே உள்ளங்காலில் திருப்பித் தரும்.
அதன்மேல் நிற்கமாட்டாமல் காற்று எழும்ப,
காலியான இடத்துக்கு
ஏரியிலிருந்து குளிர்காற்று ஓடி வரும்.
லேசோவை இறுக்கிக் கட்டிக்கொள்வோம்.

ஏரி வேறு ரகம்.
பகல் முழுக்க வாங்கி வாங்கி
அடியில் போட்டுக்கொள்ளும்,
முகத்தில் ஒன்றும் தெரியாது.
பேட்டரியும் அப்படித்தான்.

நிலா இல்லாத இரவு.
ஒபியெரோ நான்கு விளக்கு எடுத்தான், பணம் நாளைக்கு என்றான்.
தூரத்தில் என் இருபத்து மூன்றும் மிதக்கின்றன,
மீன்களுக்குப் பொய்ப் பகல் காட்டிக்கொண்டு.

இரண்டு மணிக்குத் தகரம் சில்லிட்டது.
மண் கையிருப்பையெல்லாம் செலவழித்துவிட்டது.
இப்போது காற்று என் கதவை உரசிக்கொண்டு ஏரிக்குப் போகிறது.
உகாண்டா கரையிலிருந்தும் போகும்,
தான்சானியா கரையிலிருந்தும்.
எவரும் அதனிடம் பாஸ்போர்ட் கேட்பதில்லை.
நடு ஏரியில் மூன்றும் முட்டிக்கொண்டு
போக இடமின்றி மேலே கிளம்பும்,
தண்ணீரின் வெதுவெதுப்பான மூச்சையும் இழுத்துக்கொண்டு.

முதல் மின்னலில்
என் விளக்குகள் இருந்த இடமே தெரியவில்லை.

என் பெயர் அகோத்.
மழை நேரத்தில் பிறந்தவள் என்று பொருள்.
மழையைத் திட்டக்கூடாதாம் நான்.
திட்டினேன்.
நான் கூரையில் ஏற்றி அனுப்பிய அதே வெயிலைத்தான்
அந்த மேகமும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது.
நான் நான்கு வாட் எடுத்தேன்.
அது மீதியை.

விடிந்ததும் படகுகள் வந்தன.
பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன், பத்தொன்பது.
ஒபியெரோவின் மனைவி
வலையைப் பிரிப்பதுபோல் பிரித்துக்கொண்டே நின்றாள்.

பத்து மணிக்கு அவன் நடந்து வந்தான்,
தீவின் பின்பக்கம் ஒதுங்கியிருக்கிறான்.
கையில் ஒரே ஒரு விளக்கு.
படகைப் பற்றிப் பேசவில்லை.
எண்பது ஷில்லிங்குக்குச் சட்டைப்பையைத் தடவினான்.
நோட்டை மூடிவிட்டேன்.

இருபதாவதைப் பலகையில் மாட்ட ஏறினால்
கூரை இன்னும் ஈரம்.
வெயில் பட்ட பக்கத்தில் மட்டும்
ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது.