மகத்துக்கு மேற்கே மூன்று விரல்

கொள்முதல் நிலையத்தில் என் வேலை
எண் எழுதுவது.
மூட்டை, எடை, ஈரப்பதம்.
கலியமூர்த்தி ஒரு நெல்லைக் கடித்து
'பதினேழுதாம்மா, நொறுங்குது பாரு' என்பார்.
கருவி பத்தொன்பது புள்ளி நாலு என்னும்.
மறுபடி தார்ப்பாய், மறுபடி வெயில்,
சாலையின் பாதி வரை சம்பா.

லாரி வராத இரவில்
குவியல்களுக்குப் பின்னால் களத்தின் மூலையில்
முக்காலியை ஊன்றுவேன்.
அரிசி ஆலை விளக்கு கண்ணில் படாமலிருக்க
இரண்டு மூங்கிலில் ஒரு சாக்கு.

கையை நீட்டி
மகத்துக்கு மேற்கே மூன்று விரல்.
அங்கே ஒரு சிவப்பு விண்மீன்
ஏறக்குறைய முந்நூற்றுப் பத்து நாளுக்கு ஒருமுறை
வீங்கித் தணிகிறது.
உச்சத்தில் வெறுங்கண்ணுக்கே கிடைக்கும்.
அடியில், என் சின்னக் குழாய்க்குள்ளும்
இருக்கிறதா என்று சந்தேகம்.

பக்கத்தில் ஒளி மாறாத இரண்டு.
ஒன்று இதைவிடப் பிரகாசம், ஒன்று மங்கல்.
இடையில் இது எங்கே நிற்கிறது?
பத்தில் மூன்று பங்கு, இல்லை, நாலு.
எழுது. தேதி போடு, மணி போடு.
எண் கூடினால் மங்கல் என்று அர்த்தம்.
ஈரப்பதத்துக்குப் பழகிய கைக்கு
அதில் குழப்பமில்லை.

சிவப்பை உற்றுப் பார்க்கக் கூடாது.
பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டே போகும்
வட்டிக்காரன் கணக்குப் போல.
ஒரு பார்வை, உடனே விலகு.
நேற்றைய பக்கத்தைப் புரட்டாதே.
நேற்று 6.8 என்று தெரிந்தால்
கண்ணுக்கு முன்பே கை
6.7 என்று எழுதிவிடும்.

சுமை தூக்கும் உத்திராபதி ஒருநாள் கேட்டார்,
'இதுக்கு என்ன குடுக்கறாங்க?'
ஒன்றுமில்லை.
'மூட்டைக்கு இவ்வளவுன்னுகூட இல்லையா?'
இல்லை.
குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.
'இதுல எது உங்க ஆளு?'
சொன்னேன்.
'கீழ இருக்கறதுக்கு ஒரு மாத்துக் கம்மிதான்' என்றார்.
அன்றிரவு நான் எழுதியதும் அதுவே.
பார்த்தவர் பெயர் என்ற கட்டத்தில்
தையல்நாயகி என்றுதான் போட்டேன்,
கொஞ்சம் கூச்சத்தோடு.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும்
முகில். முகில். மழை. முகில்.
மழை வேண்டாம் என்று
இந்த ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

புயல் அடித்த வருஷம்
தலைஞாயிறில் ஒரு மின்கம்பம் நிற்கவில்லை.
இருபத்துமூன்று நாள் இருட்டு.
விடியப்போகும் நாலு மணிக்குப் படுத்தபடியே பார்த்தேன்.
கூரை இருந்த இடத்தில்
சிம்மம் ஏறியிருந்தது.
ஈரச் சேலையில் சுற்றி வைத்த குழாயைப் பிரித்து,
கண்ணாடியின் பூசணத்தை முந்தானையால் ஒற்றி,
தேடி,
தேடி,
10.7.
அதற்கு முன்னும் பின்னும்
அவ்வளவு மங்கலில் அதை நான் கண்டதில்லை.

சந்தோஷப்பட்டேன்.
தெருவில் யாரோ டார்ச் அடித்து
விழுந்த தென்னைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
இதையும் சொல்லிவிடுகிறேன்.
அரிச்சந்திரா ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு
எதை மறைப்பது?

பதினொரு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.
எங்கோ யாரோ
ஊர் ஊராய் வந்த புள்ளிகளைச் சேர்த்து
ஒரு வளைகோடு இழுக்கிறார்கள்.
அதில் என்னுடையது எது என்றால்
எனக்கே காட்டத் தெரியாது.

இன்று மாசி பதினாறு. பனி.
ஆலை விளக்கில் சாக்கின் நிழல் ஆடுகிறது.
அரை மணி பார்த்தாயிற்று.
'காணவில்லை. 9.8ஐ விட மங்கல்' என்று எழுதுகிறேன்.
காணாததற்கும் ஒரு வரி உண்டு.

ஜெகதாம்பாள் தன் குவியலை அணைத்தாற்போல
தலைவரை போர்த்திப் படுத்திருக்கிறாள்.
ஆறாம் நாள் காத்திருப்பு.
காலையில் அவள் நெல்லில் கருவியைச் செருகுவேன்.
என்ன எண் வரும் என்று
இப்போதே நினைக்கக் கூடாது.