ஏழு படி

வைகை கடலைத் தொடும் இடம் என்று பலகை சொல்லும்.
தொட்ட வருஷங்களை நாங்கள் ஒரு கையில் எண்ணிவிடுவோம்.
பலகைக்குப் பின்னால் நாலு ஏக்கர், கம்பி வேலி,
தொல்லியல்காரர்கள் தோண்டி மூடாத மூன்று குழி,
ஒரு தகரக் கூரை,
டிக்கெட் கொடுக்க நான்.

பெரியவர்களுக்குப் பத்து ரூபாய்.
உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம்.
உள்ளூர் என்பதற்கு என்ன சாட்சி,
சுற்றறிக்கையில் இல்லை.
அதனால் இன்றைக்கு என்ன காற்று என்று கேட்பேன்.
கச்சான், கொண்டல், வாடை,
பெயரைச் சொன்னால் உள்ளே போகலாம்.
"நல்ல காற்று" என்றால்
பத்து ரூபாய்.

மாசியில் ஊர் கூடிச் சுத்தம் செய்யும் நாள்.
முந்நூறு பேருக்குத் தக்காளிச் சாதம் கிண்டியாகிவிட்டது,
வந்தது நூற்றுப் பத்துப் பேர்.
ரெக்ஸ்லினின் கால்பந்துக் குழு, சீருடையோடு.
நாகூர்கனி, சொந்தக் கடப்பாரையோடு.
நூறுநாள் வேலைப் பெண்களோடு களஞ்சியம்,
"பதிவேட்டில் பேர் ஏறுமா?" என்று
வாசலிலேயே கேட்டுக்கொண்டு.

சாயங்காலத்துக்குள்
சீமைக்கருவேலம் வேரோடு கிடந்தது.
அடியிலிருந்து வலைத்துண்டு, ரசகுல்லா டப்பா,
பதினேழு செருப்பு,
ஒன்றுக்கொன்று ஜோடியில்லை.
எல்லோருக்கும் சந்தோஷம்.
களஞ்சியம் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.
"ஒதுங்கப் போன காட்டை
நாமளே வெட்டிப்புட்டோமே" என்றாள்.

மேம்பாட்டுப் பணிகள் தாளில் ஐந்தாவது வரி:
பெண்கள் கழிப்பறை, ஒன்று.
மற்ற நாலும் யாரும் கேட்காதவை.
பேசும் குப்பைத்தொட்டி வந்தது.
நன்றி என்று மூன்று நாள் சொன்னது,
பிறகு உப்புக்காற்று அதன் வாயை அடைத்தது.

கிழக்கு வேலியோரம் குழி வெட்டினார்கள்.
மூன்றடியில் கருப்புச் சிவப்பு ஓடு.
நிறுத்து.
பனைக்குத் தெற்கே வெட்டினார்கள்.
சுட்ட மண் உறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக,
யாரோ தண்ணீர் இறைத்த கிணறு.
நிறுத்து.
என் சன்னலுக்குப் பின்னால் வெட்டினார்கள்.
சங்கு வளையல், பாதி.
களஞ்சியம் அதை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள்,
அளவு சரியாக இருந்தது,
மூச்சுவிடாமல் திருப்பி வைத்தாள்.

"எங்கே தோண்டினாலும் யாரோ குடியிருந்திருக்காக"
என்றார் நாகூர்கனி.
"பட்டா மட்டும் நம்ம பேர்ல."

மதுரையிலிருந்து வந்த அதிகாரி அமுதவல்லி
தொப்பியைக் கழற்றாமல் குழிக்குள் உட்கார்ந்து
தூரிகையால் மண்ணை வருடிக்கொண்டிருந்தார்.
களஞ்சியம் மேலே நின்று கேட்டாள்:
"இம்புட்டுச் சனம் இருந்திருக்கே,
அந்தப் பொம்பளையெல்லாம் எங்கம்மா போனாளுக?"
தூரிகை நின்றது.
தெரியவில்லை என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து
இன்னொரு தடவையும் சொன்னார், தெரியவில்லை.

அந்த வாரமே கோப்பில் எழுதிக் கொடுத்தார்:
தோண்டாமல் கட்டலாம்.
மண்மேல் மணல்மூட்டை, அதன்மேல் மேடை,
மேடைக்குள் தொட்டி,
மேடைமேல் அறை, ஏழு படி.
"கோயிலாய்யா கட்டுறோம்?" என்று
ஒப்பந்தக்காரர் கோட்டைச்சாமி
ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை கேட்டார்.

திறப்பு விழாத் தேதி மூன்று முறை மாறியது.
ரிப்பன் வெளுத்து
எந்தக் கட்சி நிறமும் இல்லாமல் ஆனது.
ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு
களஞ்சியம் படியேறினாள்,
ரிப்பனைச் சேலைத் தலைப்புபோல ஒதுக்கினாள்,
உள்ளே போய்த் தாழ்போட்டாள்.
கீழே ஆறு பெண்கள்
வரிசையில் நின்றார்கள், கைதட்டவில்லை.

வெளியே வந்தவள் இறங்காமல் அங்கேயே நின்றாள்.
"ஏய், கடல் தெரியுதுடி."

வேலிக்கு மேலே, நேராக, நீலமாக.
இந்த வருஷம் அதற்குள் நுழைகிற
செம்மண் கலர் ஆறும் ஒரு கோடு.
இப்போது அவசரமில்லாதவர்களும் ஏறுகிறார்கள்.
பரீட்சைக்குப் படிக்கிறவள் ஒருத்தி,
போன் பேச ஒருத்தி,
ஒருநாள் ஒரு கல்யாணப்பெண், மாலையோடு.

போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர்
குழிகளை எட்டிப் பார்க்காமல்
அந்தப் படிகளைச் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தார்.
சன்னலுக்கு வந்து கேட்டார்,
எந்தக் காலத்துக் கட்டடம்?
போன ஆடி என்றேன்.
நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.
சில்லறை இல்லை.