கரையேறுங்க

இரண்டரை மணிக் காட்சியில்தான் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள்.
பதினொன்றுக்குக் கூட்டம் சேராது.
நாலரைக்குள் கொள்ளைக்காரனுக்குத் தொண்டை கட்டிவிடும்.
எல்லாம் கொரடாச்சேரி மச்சான் சொன்னது.
இருமுறை போய், இருமுறையும் பிள்ளை கை தூக்கி,
இருமுறையும் அதிர்ஷ்டம் பக்கத்து நாற்காலிக்குப் போனதாம்.

தையல்நாயகி பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்
அரங்கத்தை வரைந்தாள்.
கப்பல் இங்கே. படி இங்கே.
கொள்ளைக்காரன் இறங்கி வருவது இந்த வழி.
ஒரு கண்ணைக் கட்டியிருப்பான்,
திறந்த கண் பக்கம் உட்கார்ந்தால்தானே தெரியும்?
"எந்தக் கண்ணுண்ணே?" போன் போட்டாள்.
"அதையா பார்த்தேன்" என்றார் மச்சான்.

மஞ்சள் சட்டை, திருவாரூரில் எடுத்தது.
இரட்டைச் சடை வேண்டாம். உச்சியில் ஒரே குடுமி,
சிவப்பு ரப்பர் பேண்டு, தூரத்துக்குத் தெரியும்.
முதல் வரிசை கூடவே கூடாது.
சுக்கானைத் திருப்பியதும் அங்கேதான்
சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரைக் கொட்டுவார்கள்.
மூன்றாம் வரிசை, நடைபாதை ஓரம்.
பேனாவால் அந்த நாற்காலியை
தாள் கிழியும்வரை வட்டமிட்டாள்.

நான் லஸ்கர்.
பாமணியாற்றில் ஏழு கண் மதகு என் பொறுப்பு.
கடைமடைக்காரன் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும்
தண்ணீர் வருகிற நாளில்தான் வரும்.
இதை வீட்டில் சொல்லவில்லை.

ஒத்திகைக்கு என்னிடம் வந்தார்கள்.
"சக்கரம் சுத்தணும்ப்பா."
வைகாசி. ஆற்றில் சொட்டு இல்லை.
கிரீஸ் நாறும் மூன்றாம் நம்பர் ஷட்டர்.
இலக்கியா இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள்,
அது அசைகிற ஜாதியில்லை.
நானும் பிடித்தேன். கால் சுற்று. அரைச் சுற்று.
பழக்கதோஷம், கீழ்ப்பக்கம் திரும்பி
ஒரு குரல் கொடுத்தேன்:
தண்ணி வருது, கரையேறுங்க!
மணலில் ஓர் ஆடு நிமிர்ந்து பார்த்தது.
இவள் சிரித்தாள், ஊர் போய்ச் சேரும்வரை.

அந்த நாள் வந்தது.
வல்லம் தாண்டி, வெயிலில் வரிசை நின்று
உள்ளே போனால்
மூன்றாம் வரிசை முழுக்க ஒரு பள்ளிக்கூடம்.
அத்தனை பேருக்கும் மஞ்சள் சட்டை.

எங்களுக்கு எட்டாம் வரிசை, தூண் மறைவு.
தையல் காலண்டர் தாளை
நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

கொள்ளைக்காரன் கேட்டபோது
முந்நூறு கைகள் உயர்ந்தன.
இலக்கியா தூக்கவில்லை.
ரப்பர் பேண்டு அறுந்து எங்கோ விழுந்திருந்தது,
அதைத் தேடி எழுந்து நின்றாள்,
முகமெல்லாம் முடி.
"அதோ என் மாலுமி!" என்றான் அவன்.

பிளாஸ்டிக் சுக்கான். விரல் பட்டாலே சுழலும்.
"திருப்பு மாலுமி, திருப்பு!"
அவள் திருப்பவில்லை.
கீழே பார்த்தாள்.
முன்வரிசையில் கைக்குழந்தையோடு ஒருத்தி,
மொபைலை நீட்டிப் பிடித்த ஒருவர்,
கால் நீட்டி முறுக்குத் தின்னும் இருவர்.
இலக்கியா இரண்டு கையையும் வாயருகே குவித்து,
மைக்கை விட்டுத் தள்ளி நின்று,

தண்ணி வருது, கரையேறுங்க!

முன்வரிசை எழுந்தது.
ஏன் என்று கேட்காமல் எழுந்தது.
அந்தக் குரலுக்குப் பழகிய கால்கள்
செருப்பை விட்டுவிட்டுப் படியேறின.
அப்புறம்தான் திருப்பினாள், நிதானமாக,
கால் சுற்று, அரைச் சுற்று.
வெற்று நாற்காலிகள்மேல் விழுந்து சிதறியது
பூங்காவின் அத்தனை தண்ணீரும்.

கொள்ளைக்காரனுக்கு அதற்கு வசனம் இல்லை.
கட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தான்.
"இடது கண்ணுங்க" என்றாள் தையல், என்னிடம்,
அடுத்த தடவைக்கு.

திரும்பும் பஸ்ஸில் காகிதத் தொப்பியோடு
தூங்கிவிட்டது பிள்ளை.
"போட்டோ எடுத்தீங்கல்ல?"
எடுக்கவில்லை.
எட்டாம் வரிசையில், தூணுக்குப் பின்னால்,
நானும் எழுந்து
மேல்படிக்குப் போயிருந்தேன்.