அக்கா நிரை

சேரம்பாடியில் போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால்
பதினாலாம் நம்பர் மலையில் அந்தப் பாறைமேல் ஏற வேண்டும்.
ஏறினால் கேரளா உங்களை வரவேற்கிறது என்று
ஒரு செய்தி வரும்.
அதற்குப் பிறகு
வன்னியிலிருந்து அக்கா வருவாள்.

மாசியில் ஒரு மத்தியானம் வந்தாள்.
யாருடையதோ சாட்டிலைட் போன்,
ஒற்றைத் தோட்டை விற்று வாங்கிய நாலு நிமிசம்.
அதில் ஒரு நிமிசத்தைச் சிரிக்கவே செலவழித்தாள்.
"இங்க தேயிலை இல்லடி.
மூணு தலைமுறையா கொழுந்து பறிச்ச குடும்பம்
பங்கருக்குள்ள வெறுஞ் சுடுதண்ணி குடிக்குது."
பின்னால் என்னவோ அதிர்ந்தது.
மழை வருது, இடி, என்றாள்.
மாசியில் ஏது இடி.

எங்களைப் பிரித்தது அந்தச் சண்டை இல்லை.
அதற்கு முப்பத்தைந்து வருசம் முந்தியே
இரண்டு சர்க்கார்கள் எங்களைத் தலை எண்ணிப்
பங்கு போட்டுக்கொண்டன.
அப்பாவின் பாஸ்போர்ட்டில் நானும் வள்ளிக்கண்ணுவும்
ஒரே துணியில் தைத்த சட்டையோடு.
தாலி ஏறியிருந்த அக்கா
அந்தப் பக்கத்துக் கணக்கில்.
அட்டன் ஸ்டேசனில் கோச்சி நகர்ந்தபோது
பிளாட்பாரமே ஒப்பாரி வைத்தது.
அவள் மட்டும் சன்னலோடு ஓடிவந்து கத்தினாள்:
"வள்ளிய வெந்நீர்லதான் குளிப்பாட்டணும், கேட்டியா?"
எனக்குப் பத்து வயது.
வள்ளிக்கு நாலு.

பிறகு கலவரம், கொளுத்திய லயம்,
தருமபுரத்தில் காடு வெட்டிக் கச்சான் போட்டது,
எல்லாம் கடுதாசியில்தான்.

வைகாசியில் போன் நின்றுபோனது.
ஊட்டியில் பூக்காட்சி.
எங்கள் பஸ்ஸையும் அங்கே திருப்பிவிட்டிருந்தார்கள்.
டீக்கடை டிவியில் ஓட்டு எண்ணிக்கை.
அடியில் ஓடிய ஒற்றை வரியை
வள்ளி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
அவள் முடிப்பதற்குள்
அது ஓடிவிட்டது.

செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு நின்ற வரிசையில்
பார்த்ததாக ஒருத்தி சொல்லியனுப்பினாள்.
நந்திக்கடல் ஓரத்தில் பார்த்ததாக இன்னொருத்தி.
நடந்துகொண்டிருந்தாளா என்று கேட்டோம்.
அதற்குப் பதில் வரவில்லை.

ஒரு விளக்காவது ஏற்றுவோம் என்றேன்.
"எந்தத் தேதிக்கு?" என்றாள் வள்ளி.
கொதிக்கிற உலையைக் கவிழ்த்துவிட்டு
எட்டு நாள் என்னோடு பேசவில்லை.
லயத்தில் எங்களுக்கு நடுவே ஒரே சுவர்.
ராத்திரி அவள் இருமுவது எனக்குக் கேட்கும்.
விடியுமுன் வெந்நீர் போட்டுச் சுவரைத் தட்டுவேன்.
வாளியை எடுத்துக்கொள்வாள்.
வாய் திறக்க மாட்டாள்.

ஆனி மழைக்குக் கொழுந்து கொழுத்துக் கிடந்தது.
நான் ஒரு நிரை பிடித்தேன்.
அவள் பக்கத்து நிரையை விட்டுவிட்டு
அதற்கடுத்ததைப் பிடித்தாள்.
சூப்பர்வைசர் பாப்பச்சன் மேட்டிலிருந்து சத்தம் போட்டான்,
நடுவில் ஏன் விட்டாய் என்று.
"அது அக்கா நிரை."
ஒன்பதாம் நாள் அவள் பேசிய பேச்சு.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் குனிந்து
காலில் அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிரைகளை முடித்துவிட்டுத் திரும்பி வந்தோம்.
அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.
ஒரே செடிக்குள் கைகள் இடித்துக்கொண்டன.
அவள் கை என்னைவிட வேகம்.
அக்கா கை அதைவிட வேகம் என்று அம்மா சொல்வாள்.
நான் பார்த்ததில்லை.
பார்த்திருப்பேன்,
ஞாபகமில்லை.

தராசில் தனியாக வைத்தாள்.
எட்டரைக் கிலோ.
"யார் பேர்ல எழுத?" என்றார் கணக்கப்பிள்ளை.
"மருதாயி."
பேரேட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.
"அந்தப் பேர்ல ஆள் இல்லையே, தாயி."
வள்ளி கூடையைத் தட்டி
ஒட்டியிருந்த கடைசி இலையையும் உதிர்த்தாள்.
"இல்லதான்" என்றாள்.

ஈரத்துக்கு அரைக் கிலோ கழித்துக்கொண்டு
மீதியை எங்கள் இரண்டு பேர்மேலும்
பங்கு போட்டு எழுதினார்.