இரண்டு லிட்டர் மூச்சு

எழுமலை பேரூராட்சிக் கூடத்தில்
குடிநீர்க் கட்டணக் கருத்துக்கேட்பு.
கம்பெனி வக்கீல் மதுரையிலிருந்து
சொந்தத் தண்ணீர் பாட்டிலோடு வந்திருந்தார்.

ஒப்பந்தத்தின் முதல் பக்கம் முழுக்க வரையறை.
நுகர்வோர் என்றால் இன்னார்.
உரிமதாரர் என்றால் இன்னார்.
மீட்டர் என்றால், அது சொல்வதே முடிவு.
தண்ணீர் என்றால் என்னவென்று மட்டும்
எழுதாமல் விட்டிருந்தார்கள்,
தெரிந்ததுதானே.

ஒச்சம்மாள் முறை வந்தது.
கீழத்தெரு இட்லிக் கடை,
போன மாச பில் ஆயிரத்து நாற்பது.
மஞ்சப்பையிலிருந்து மீட்டரை எடுத்தாள்.
கழற்றியது குற்றம், பிரிவு பதினொன்று என்று
வக்கீல் எழுவதற்குள்
வாயில் வைத்து ஊதினாள்,
முப்பது வருசம் அடுப்பு ஊதிய நெஞ்சு.

முள் சுற்றியது.
கடைசி இலக்கம் புரண்டு புரண்டு நின்றது.

"வெள்ளன மூணு மணிக்கு
குழாயும் இப்பிடித்தான் சார் மூச்சு வாங்கும்,
அரை மணி நேரம். அப்பறந்தான் தண்ணி.
ரெண்டுக்கும் ஒரே ரேட்டு."

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார்.
தட்டச்சு செய்துகொண்டிருந்த பையன் கேட்டான்:
"ஊதினத எப்பிடி சார் பதிவு பண்றது?"

மீட்டர் இப்போது
சாட்சிப் பொருளாக அலமாரியில்,
இரண்டு லிட்டர் கூடுதலாகக் காட்டியபடி.
அது யார் கணக்கு என்று
இன்னும் உத்தரவு வரவில்லை.