இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது

கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி, மலையடிவாரத்தில்
சிவப்புக் கொடி ஏற்றியாயிற்று.
கொடியைப் பார்த்தும் பாராமல்
ஒருவர் ஏழு ஆடுகளை ஓட்டிப் போக,
கடைசிக் குட்டி கடக்கும் வரை
பன்னிரண்டு கார்பைன்கள் தரையைப் பார்த்து நின்றன.

சப்-இன்ஸ்பெக்டருக்கு வயது இருபத்தாறு.
என் சர்வீசுக்கே பதினெட்டு.
"துப்பாக்கி அரசாங்கத்தோடது.
மத்ததெல்லாம் உங்க உடம்போடது.
சுடறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துக்குங்க" என்றார்.

பார்த்தேன்.
ஆறாம் நம்பர் இல்லையென்று ஏழாகக் கொடுத்த பூட்ஸ்.
முனையில் திணித்த பஞ்சுக்கு
கோட்டை மாரியம்மன் ஆடிப் பந்தோபஸ்தின்
மழை வாசம் இன்னும் போகவில்லை.
காதில் வைத்திருப்பதும் அதே கட்டுப் பஞ்சுதான்,
இது புதிது.
பெல்ட்டில் என் இடுப்புக்கான துளையை
ஆணியைப் பழுக்கக் காய்ச்சி நானே போட்டது.
தோள்வார் நெஞ்சுக்குக் குறுக்கே எங்கே போவதென்று
ஒவ்வொரு வருடமும் யோசிக்கிறது.
அதை வரைந்தவர் மனதில் நாங்கள் யாரும் இல்லை.

எனக்குப் பெருமை மேகசின் பை மட்டும்.
போன வருடம் அதன் அமுக்குப் பொத்தான்
திறக்க மாட்டேனென்று அடம்பிடித்து,
எல்லாரும் சுட்டு முடித்த மௌனத்தில்
நான் மட்டும் பையோடு மல்லுக்கட்டினேன்.
இந்த முறை பிளேடால் பொத்தானை அறுத்தெறிந்துவிட்டேன்.
இடுப்பில் வாய் திறந்த பை,
பசித்த காக்கைக் குஞ்சு மாதிரி.

விசில்.
இடப்பக்க மேகசினைப் பிடிக்காதே, அடியைப் பிடி.
மூச்சைப் பாதியில் நிறுத்து.
ஆளுக்கு இருபத்தைந்து.
ஐந்து தனித்தனியாக, மிச்சம் விட்டுவிட்டு.
எனக்கு இடப்பக்கம் நூர்நிஷா.
அவள் கார்பைன் துப்பியதெல்லாம்
என் மேல்தான் தெறித்தது.
ஒன்று கழுத்தில் பட்டு,
இட்லிப் பானை ஆவி போலச் சுட்டது.
நான் கையை எடுக்கவில்லை.
இரண்டாவது மேகசின் ஒரு நொடியில் மாறியது.
அட்டை மனிதனின் இடது தோளில்
பதினேழு ஓட்டை.
தேறிவிட்டேன்.

பிறகு எண்ணினார்கள்.
கொடுத்தது முந்நூறு.
ஏட்டு சென்றாயன் கோணியில் கொட்டி,
பத்துப் பத்தாகக் குவித்து,
கலைத்து, மறுபடி குவித்து,
நூர்நிஷாவை நிமிர்ந்து பார்த்தார்.
"உன் லைன்ல ஒண்ணு கொறையுது."

ஒரு காலிக் கூடு.
அதைவிட விலை குறைந்த பொருள்
அன்றைக்கு அந்த அடிவாரத்தில் இல்லை.
ஆனாலும் விளக்கம் எழுத ஒரு வெள்ளைத்தாள்
ஜீப்பிலிருந்து இறங்கியாயிற்று.

பன்னிரண்டு பேர் முழங்காலிட்டுப் புல்லைப் பிரித்தோம்.
எனக்கு இது புதிதல்ல.
சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வீடு எங்களுடையது.
பெருக்கிய குப்பையைக்கூட டப்பாவில் சேர்த்து
அரிக்கிறவருக்கு எடை போட்டு விற்போம்.
கால் தூசியைத் தட்டிவிட்டுத்தான்
பள்ளிக்கூடம் போக வேண்டும்.
இரண்டரை மணி வரை அரித்தேன்.
வெள்ளியும் இல்லை, பித்தளையும் இல்லை.
மலைமேல் ஏற்காட்டுப் பேருந்து
ஊசிமுனை வளைவொன்றில் ஹாரன் அடித்தது.
நூர்நிஷா அழவில்லை.
தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாள்.

குழாயடியில் முகம் கழுவ பெல்ட்டைக் கழற்றினேன்.
பைக்குள்ளிருந்து
ணங்
என்றது ஏதோ.

ஒரு கணம், ஒரே ஒரு கணம்,
சாக்கடைக் கம்பியைப் பார்த்தேன்.
பிளேடு, பொத்தான், பதினெட்டு வருடம்.
பிறகு ஈரக் கையோடு நடந்துபோய்
கோணியில் போட்டேன்.
சப்-இன்ஸ்பெக்டர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பொத்தான் எங்க?"
"விழுந்துடுச்சு சார்."
அறுத்த நூல் அவர் விரலில் ஒட்டியிருந்தது.
ஊதிவிட்டார்.
வெள்ளைத்தாள் ஜீப்புக்குத் திரும்பியது.

நூர்நிஷா பேருந்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.
அஸ்தம்பட்டி வரை பேசவில்லை.
இறங்கும்போது, "கழுத்துக்குத் தேங்காயெண்ணெய் வையுங்கக்கா" என்றாள்.

முதல் அக்ரகாரத்துத் தையல் சாமான் கடையில்
அமுக்குப் பொத்தான் கேட்டேன், பெரிதாக, ஆனால்
சட்டென்று திறக்கிற மாதிரி.
கடைக்காரர் மூன்று வகை எடுத்துப் போட்டார்.
"ரவிக்கைக்குங்களா?"

"ஆமா" என்றேன்.
ஒவ்வொன்றையும் கண்ணை மூடி,
இடது கையால்,
பத்துத் தரம் திறந்து பார்த்தேன்.